சொத்துப் பத்திரங்களும் மைண்ட் மேப்பும்: என் அனுபவம்

ஸ்கேன் செய்த ஆவணங்களைச் சேமித்துத் தேடித் தரும் ஆவண மேலாண்மை மென்பொருளுக்கு உள்ளேயே மைண்ட் மேப் (கிளை கிளையாக விரியும் வரைபடம்) எதற்கு, தனியாக ஒரு செயலி போதாதா என்று பலர் கேட்கிறார்கள். நான் வேலை செய்வது வக்கீல் அலுவலகத்தில், பெரும்பாலும் நிலம், வீடு சம்பந்தப்பட்ட வேலை. அங்கே பார்த்ததைச் சொல்கிறேன்.

வங்கிக் கடனுக்கு லீகல் ஒப்பீனியன், அதாவது சொத்தின் உரிமை சரியா என்ற வக்கீலின் கருத்து, கேட்டு வந்தால், பெரும்பாலும் 30 ஆண்டு வில்லங்கம் பார்த்து, தாய்ப் பத்திரம் என்கிற பழைய மூலப் பத்திரத்திலிருந்து இன்றைய கிரயப் பத்திரம் (விற்பனைப் பத்திரம்) வரை கோத்துக் காட்ட வேண்டும். ஸ்கேன் செய்த கோப்புகள் ஃபோல்டரில் தேதி வாரியாக இருக்கும். உரிமையோ கிளை கிளையாகப் பிரிந்து போகும். தாத்தா பெயரில் இருந்த ஒரு சர்வே எண் பாகப்பிரிவினையில் மூன்று மகன்களுக்கு வரும், ஒருவர் தன் பங்கை விற்றிருப்பார், இன்னொருவர் மகளுக்கு செட்டில்மென்ட் (குடும்பத்தாருக்குச் சொத்தை எழுதிக் கொடுக்கும் பத்திரம்) எழுதியிருப்பார், மூன்றாமவர் உயில் எழுதாமலே காலமாகியிருப்பார், அங்கே வாரிசுச் சான்று வேண்டும். எங்கள் சீனியர் இதையெல்லாம் பென்சிலில் மரம் மாதிரி வரைந்துதான் யோசிப்பார்.

அதைக் கணினியில் வரைய ஃப்ரீபிளேன் எடுத்தோம். ஃப்ரீமைண்டிலிருந்து பிரிந்து வந்த இலவச மென்பொருள், நல்ல கருவி. ஒவ்வொரு கிளையிலும் பத்திரத்தின் பிடிஎஃப்புக்கு லிங்க் கொடுக்கலாம். ஆனால் அந்த மேப் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள், வெறும் எக்ஸ்எம்எல்தான், அதாவது குறிகளோடு கூடிய சாதாரண எழுத்துக் கோப்பு. கோப்பு எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்ற பாதை, கிளையின் பெயருக்குப் பக்கத்திலேயே எழுத்தாக நிற்கும். யாராவது பிடிஎஃப் கோப்பின் பெயரைத் திருத்தினால் லிங்க் செத்துவிடும். பேப்பர்லெஸ்-என்ஜிஎக்ஸ் போன்ற ஆவண மேலாண்மை மென்பொருளில் பெயர் வைக்கும் விதியை அமைத்துவிட்டால், தலைப்பை மாற்றும்போது வட்டில் உள்ள கோப்பின் பெயரும் தானாக மாறிவிடும். அதனால் பாதையை நம்பி வரையவே கூடாது. ஒவ்வொரு ஆவணத்துக்கும் மென்பொருள் தரும் எண் மாறுவதில்லை. பிரவுசரில் ஆவணத்தைத் திறந்தால் முகவரியிலேயே அந்த எண் இருக்கும், அந்த முகவரியை நகலெடுத்துக் கிளையில் ஒட்டினால் போதும். அப்புறம் எங்களுக்கு லிங்க் பிரச்சினை வரவில்லை.

சரி, பலன் என்ன? இல்லாத பத்திரம் கண்ணுக்குத் தெரிந்தது. இதைத்தான் நான் அழுத்திச் சொல்வேன். ஃபோல்டர் இருப்பதை மட்டும் காட்டும். மேப்பில் ‘1987 செட்டில்மென்ட், நகல் மனு போட வேண்டும்’ என்று லிங்க் இல்லாத ஒரு கிளையைச் சிவப்பில் வைக்கலாம். கட்சிக்காரர் வந்து உட்கார்ந்ததும் திரையைத் திருப்பிக் காட்டினால், எந்தப் பத்திரம் ஏன் வேண்டும் என்பது அவருக்கே புரிந்துவிடுகிறது, சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதற்கு அலைய வேண்டும் என்று யாரும் சண்டைக்கு வருவதில்லை. கையால் எழுதிய பழைய பத்திரங்களை ஓசிஆர் (ஸ்கேன் படத்தில் உள்ள எழுத்தைப் படிக்கும் மென்பொருள்) ஒழுங்காகப் படிக்காது, தேடல் பெட்டியில் சிக்காத அந்தப் பத்திரங்களும் மேப்பில் தங்கள் இடத்தில் இருக்கும்.

வேறொரு அலுவலகத்தில், காசு கொடுத்து வாங்கிய மென்பொருளில் மைண்ட் மேப் பொத்தானே இருந்தது. அழுத்தினால், ஆவணங்களுக்கு நாம் ஒட்டும் டேக்குகளை (வகைப் பெயர்களை) வைத்துத் தானாக வரையும். ‘கிரயம்’ என்ற டேக்குக்குக் கீழே இருக்கிற கிரயப் பத்திரம் எல்லாம் விசிறி மாதிரி விரிந்து நின்றது, எது எதிலிருந்து வந்தது என்று அதில் ஒன்றும் தெரியவில்லை. அந்தத் தொடர்பை வழக்கு தெரிந்த ஆள்தான் போட வேண்டும். மென்பொருள் லிங்க்கை உயிரோடு வைத்திருந்து, காலிக் கிளைகளைப் பட்டியலாகத் தந்தால் அதுவே பெரிய உதவி.

இந்த வசதியைச் சேர்க்க நினைக்கும் டெவலப்பர்கள் யாராவது படித்தால் ஒரு வேண்டுகோள். ஆவணத்துக்கு இருக்கும் அனுமதி கிளைக்கும் இருக்க வேண்டும். உயிலைத் திறக்க அனுமதி இல்லாத ஜூனியர், கிளையின் தலைப்பிலேயே யாருக்கு எந்தப் பங்கு என்று படித்துவிட்டால் பூட்டிவைத்து என்ன பயன்? தனிச் செயலியில் இதைச் செய்யவே முடியாது, மேப் ஆவண மென்பொருளுக்கு உள்ளேயே வேண்டும் என்று நான் கேட்பது இதனால்தான்.