கோடிங் வகுப்பில் பெண் பிள்ளைகளுக்கு உங்கள் உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வார இறுதியில் ஸ்கிராட்ச்சும் (கட்டங்களை இழுத்து ஒட்டி நிரல் எழுதும் மொழி) மைக்ரோபிட்டும் (நிரல் எழுதி இயக்கும் கையடக்கக் குட்டிக் கணினி) சொல்லித் தருகிறோம், பலர் வீட்டில் கணினியே கிடையாது. சிக்கல் என்னவென்றால், ஒரு கணினிக்கு இரண்டு மூன்று பேர் உட்காரும்போது மவுஸ் எப்படியோ பையன் கைக்குப் போய்விடுகிறது, பெண் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறாள். யாரும் சொல்லி நடப்பதில்லை. ஆள் மாற்றி உட்கார வைத்தால் கொஞ்ச நேரம் சரியாகிறது, அப்புறம் பழைய கதைதான்.

ஆர்வத்துக்குக் குறைவில்லை. மைக்ரோபிட்டில் இருப்பது மொத்தமே 25 குட்டி விளக்குகள், அதில் தன் பெயர் ஓடியதும் ஒரு பெண் அதைக் கழற்றவே விடவில்லை! ஆனால் வீட்டில் "பொம்பளப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு" என்கிறார்களாம். 1946-இல் உலகுக்கு அறிமுகமான எனியாக் கணினிக்கு நிரல் எழுதிய முதல் ஆறு பேரும் பெண்கள் என்றால் பிள்ளைகள் வாயைப் பிளக்கிறார்கள், பெற்றோர் அசைவதாக இல்லை. அவர்களுக்கு வேலை, சம்பளம், பாதுகாப்பு பற்றிப் பேச ஆள் வேண்டும்.

அதனால், பொறியியல், மென்பொருள் துறையில் இருக்கும் பெண்கள், முக்கியமாக வீட்டில் முதல் பட்டதாரியாக வந்தவர்கள், வீடியோ காலில் அரை மணி நேரம் பெற்றோரிடம் பேச முடியுமா? மேடைப் பேச்சு வேண்டாம், கேட்பதற்குப் பதில் சொன்னால் போதும். பழைய லேப்டாப் இருந்தாலும் கொடுங்கள், பேட்டரி போயிருந்தால் பரவாயில்லை, சார்ஜர் இருக்கட்டும், இலவச இயங்குதளமான லினக்ஸைப் போட்டுக்கொள்வோம்.

இந்த மவுஸ் பிரச்சினையை நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்? பெண்களுக்குத் தனி வகுப்பு என்பதில் எனக்கு அரை மனசுதான், நடத்திப் பார்த்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.