அத்தோ கடையில் நின்ற நடிகரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டது தப்பா?

கல்மண்டபத்தான்:
போன ஞாயிறு சாயங்காலம் எங்கள் வடசென்னையில், பீச் ஸ்டேஷனுக்கு எதிரே உள்ள அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடைகளில் ஒன்றில் ஒரு நடிகரைப் பார்த்தேன். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் இந்தத் திரி ரசிகர் சண்டையாக மாறிவிடும். ஹீரோ இல்லை. வில்லனுக்குப் பக்கத்தில் சும்மா நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தாலே விசில் பறக்கும், அந்த மாதிரி ஆள். அவர் வரும் காட்சிகளுக்காகவே ஒரு படத்துக்கு மறுபடியும் போயிருக்கிறேன்.

தொப்பியைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு ஓரமாக நின்றார். ஒரு கையில் அத்தோ தட்டு, பக்கத்துப் பலகையில் வாழைத்தண்டு சூப். காலேஜ் பசங்க கண்டுபிடித்துவிட்டார்கள். ஒவ்வொரு செல்ஃபிக்கும் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அவர்கள் போன பிறகு நான் போனேன். செல்ஃபி கேட்கவில்லை. "சார், உங்க நடிப்பு ரொம்பப் பிடிக்கும். ஆனா எங்க ஏரியா ஆளா நீங்க வர்ற படத்துல எல்லாம் கையில கத்தியோடதான் வர்றீங்க. ஒரு தடவையாவது காலையில டிபன் பாக்ஸ் எடுத்துக்கிட்டு வேலைக்குப் போறவனா வரக் கூடாதா?" என்று கேட்டேன்.

குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் அவர் முகம் மாறிவிட்டது. "வர்றதைத்தானே சார் செய்ய முடியும்" என்றார். காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். பாதித் தட்டு அப்படியே இருந்தது.

கூட வந்த நண்பன் இன்னும் என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறான். நான் கேட்டது சரி என்றே நினைக்கிறேன். நீங்கள் சொல்லுங்கள்.

மிண்ட்_மணி:
உங்கள் நண்பர் பக்கம் நான். ஞாயிற்றுக்கிழமை வயிற்றுப் பசிக்கு வந்த மனிதரை நிற்க வைத்து, மொத்தத் தமிழ் சினிமாவுக்கும் கணக்குக் கேட்டிருக்கிறீர்கள். ஓட்டல் சர்வரைப் பிடித்து வெங்காயம் ஏன் இந்த விலை விற்கிறது என்று கேட்கிற மாதிரி இருக்கிறது இது. அந்தப் பசங்களாவது அவரைச் சிரிக்க வைத்தார்கள்.

ஓஎம்ஆர்_ஓரம்:
பீச் ஸ்டேஷன் முதலில் வடசென்னையா? அது இருக்கும் துறைமுகம் சட்டமன்றத் தொகுதி மத்திய சென்னை மக்களவைத் தொகுதியில்தான் வருகிறது.

கல்மண்டபத்தான்:
தொகுதி பிரித்தவர்களிடம் போய்க் கேளுங்கள். ராயபுரத்துக்காரன் அத்தோ சாப்பிட நடந்து போகிற தூரம் எல்லாம் எங்களுக்கு வடசென்னைதான்.

மணி அண்ணே, பசங்க சிரிக்க வைத்தார்கள் என்கிறீர்கள். அவர் தட்டு ஆறிப் போனதே அவர்களால்தான். அதை யாரும் மரியாதைக் குறைவு என்று சொல்வதில்லை. சாப்பிடுகிறவர் தோளில் கை போட்டால் அன்பு, நின்று ஒரு கேள்வி கேட்டால் அத்துமீறல். இது என்ன நியாயம்?

பி.வி.காலனி_அக்கா:
தம்பி கேட்டது சரிதான். ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் குடும்பம் 60களில் பர்மாவிலிருந்து வந்தது. அத்தோ எங்கள் வீட்டுச் சாப்பாடு. நான் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். முதல் வேலைக்கு நேர்காணல் போனபோது, எதிரே இருந்தவர் விண்ணப்பத்தில் முகவரியைப் பார்த்துவிட்டு, "வியாசர்பாடியா? ராத்திரி லேட் ஆனா எப்படிப் போவீங்க, அங்கல்லாம் டெய்லி வெட்டுக்குத்துன்னு சொல்றாங்களே" என்றார். யார் சொன்னார்கள் என்று கேட்டேன். "படத்துல பாக்குறோமே" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்த மனிதர் பேசின் பிரிட்ஜைத் தாண்டியே வந்ததில்லை. என் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும் இதே பேச்சு. ராத்திரியில் கார் கூப்பிட்டால் ஓட்டுநர் போன் பண்ணி ஏரியா பெயரை இரண்டு தடவை கேட்கிறார்.

அந்த நடிகருக்கு அது நாலு நாள் வேலை. எங்களுக்கு அது வருஷக்கணக்காக ஒட்டிக்கொண்டிருக்கிறது. கேட்டால் என்ன?

மிண்ட்_மணி:
அக்கா, உங்களுக்கு நடந்தது அநியாயம். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் எல்லாப் படத்தையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். 2014-ல் வந்த 'மெட்ராஸ்' படத்தில் ஹீரோ வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் இருந்துகொண்டு ஐடி கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவன். 2021-ல் வந்த 'சார்பட்டா பரம்பரை'யில் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன், குத்துச்சண்டைக்காரன். டிபன் பாக்ஸோடு போகிற ஆளைத்தானே தம்பி கேட்கிறார்? வந்துவிட்டதே.

பி.வி.காலனி_அக்கா:
இரண்டும் எனக்குப் பிடித்த படங்கள். இரண்டையும் எடுத்தவர் ஒரே ஆள், பா. ரஞ்சித். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவரை எடுத்துவிட்டால் உங்கள் பட்டியலில் என்ன மிஞ்சும்?

கேரமையே எடுத்துக்கொள்ளுங்கள். 2018-ல் வந்த 'வடசென்னை' படத்தில் நாயகன் கேரம் ஆட்டக்காரன், அவனும் கடைசியில் கத்திப் பக்கம்தான் போகிறான். நிஜத்தில் எங்கள் வியாசர்பாடி இளவழகி 2008-ல் உலக கேரம் சாம்பியன். புதுவண்ணாரப்பேட்டை காசிமா, ஆட்டோ ஓட்டுநரின் மகள், 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வாங்கினார். அந்த நேர்காணல்காரருக்கு இந்த இரண்டு பெயரில் ஒன்றாவது தெரிந்திருக்குமா? படத்தில் வந்த ரவுடி பெயரைக் கேட்டால் பட்டென்று சொல்வார்.

கிளாப்_போர்டு:
சில படங்களில் உதவி இயக்குநராக இருந்துவிட்டு இப்போது வேறு தொழிலுக்கு வந்துவிட்டேன். உள்ளே நடப்பதைச் சொன்னால் கேள்வியை யாரிடம் கேட்க வேண்டும் என்பது புரியும்.

அவரைப் போன்ற குணச்சித்திர நடிகருக்குக் கதை சொல்ல மாட்டார்கள். மேனேஜரிடமிருந்து போன் வரும். "அண்ணே, நாலு நாள் கால்ஷீட், காசிமேடு பக்கம், நெகட்டிவ் ரோல்." அவ்வளவுதான் விவரம். வசனப் பேப்பர் பல நேரம் ஸ்பாட்டில்தான் கைக்கு வரும். "நான் ஏன் இதிலும் கத்தி எடுக்கணும்" என்று கேட்டால் யாரும் சண்டை போட மாட்டார்கள். "சரிண்ணே, யோசிச்சுச் சொல்றோம்" என்பார்கள். மறுநாள் அந்த நாலு நாளும் வேறொருவருக்குப் போய்விடும். "வர்றதைத்தானே செய்ய முடியும்" என்று அவர் சொன்னதை நழுவலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதுதான் அவர் நிலைமை.

அப்புறம் இன்னொன்று. இதை வெளியில் யாரும் பேசுவதில்லை. கதை எழுதும்போது ஏரியாவைப் பார்க்க உதவி இயக்குநர்களை அனுப்புவார்கள். புது இடம், யாரையும் தெரியாது. லொக்கேஷன் மேனேஜர் ஒரு "லோக்கல் அண்ணனை" அறிமுகப்படுத்துவார். ஷூட்டிங் நாளில் கூட்டத்தைக் கட்டுப்படுத்தவும் அவர்தான், தெருவை அடைக்கச் சம்மதம் வாங்கவும் அவர்தான். டீ வாங்கிக் கொடுத்துப் பழைய கதைகள் சொல்வார். எந்தக் கதைகள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஆராய்ச்சி அவரோடு முடிந்துவிடும். பக்கத்து வீட்டில் அந்த நேரம் பிள்ளையைப் பள்ளிக்குக் கிளப்பிக்கொண்டிருந்த அம்மாவிடம் நாங்கள் பேசியதே இல்லை. அப்புறம் படத்தில் அந்த அண்ணன்தான் வருவார், மேலே கிரேன்களும் கன்டெய்னர்களும் தெரிகிற ஒரு டாப் ஆங்கிள் ஷாட்டோடு.

ஆகவே கேள்வி சரி, ஆள் தப்பு. இயக்குநரையும் தயாரிப்பாளரையும் கேளுங்கள்.

கல்மண்டபத்தான்:
விவரமாகச் சொன்னதற்கு நன்றி. லோக்கல் அண்ணன் விஷயம் படிக்கும்போதே எரிச்சல் வந்தது. எங்கள் தெருவை அடைத்த நாளில் ஆஸ்பத்திரிக்குப் போன என் அம்மாவைச் சுற்றிப் போகச் சொன்னது அப்படி ஒருவர்தான்.

ஆனால் இயக்குநரிடம் கேள் என்கிறீர்களே, அவர் அத்தோ சாப்பிட வந்தாரா? என் முன்னால் வந்து நின்றவர் இவர்தான். பேட்டிகளில் பேசுகிறார், பட விழா மேடைகளில் பேசுகிறார். "வடசென்னை மக்கள் வெள்ளந்தியானவங்க, அவங்க வாழ்க்கையை அப்படியே காட்டியிருக்கோம்" என்று மேடையில் சொல்லத் தெரிகிறது. அப்படியே காட்டினீர்களா என்று அந்த வாழ்க்கையில் இருப்பவன் கேட்டால் மட்டும் அவர் வெறும் கூலிக்காரர் ஆகிவிடுகிறாரா?

தண்டையார்பேட்டை_தாத்தா:
அகஸ்தியாவில் படம் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தத் தியேட்டரையும் 2020-ல் மூடிவிட்டார்கள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எம்.ஜி.ஆர். மீனவராக நடித்தார், 1964-ல் 'படகோட்டி'. ரிக்‌ஷா ஓட்டுபவராக நடித்தார், 1971-ல் 'ரிக்‌ஷாக்காரன்'. இரண்டாவதற்குத் தேசிய விருதே கிடைத்தது. தொழில்தான் படத்துக்குப் பெயர். நிஜ ரிக்‌ஷாக்காரர் வாழ்க்கை அப்படிச் சுத்தபத்தமாக இருந்ததா என்றால் இல்லை, அது வேறு பொய். ஆனால் எங்கள் தெருவில் ரிக்‌ஷா மிதித்தவர்கள் அந்தப் படம் பார்த்துவிட்டு வந்து காலரைத் தூக்கி விட்டுக்கொண்டார்கள். இன்றைக்கு மீன் ஏலம் எடுக்கிற பையன் படம் பார்த்துவிட்டு வந்தால் எதைத் தூக்கி விட்டுக்கொள்வான்?

அதை முடிவு செய்யும் அதிகாரம் எம்.ஜி.ஆருக்கு இருந்தது. இந்தத் தம்பி பார்த்தவருக்கு இல்லை. அந்த இடத்தில் கிளாப் போர்டு சொல்வது சரி. கேட்டது தப்பில்லை. சாப்பிட்டு முடிக்கிற வரை காத்திருந்திருக்கலாம்.

ஓஎம்ஆர்_ஓரம்:
ஐயா, சாப்பிட்டு முடித்ததும் போயிருப்பாரே.

தண்டையார்பேட்டை_தாத்தா:
போனால் போகட்டும். விட்டுவிட வேண்டியதுதான்.

மிண்ட்_மணி:
தாத்தாவுக்கு ஒரு வணக்கம். நானும் இதைத்தான் சொல்கிறேன்.

கேட்கிற முறையில் கேட்டால் பலன் வரும் என்பதற்கு உதாரணம் இருக்கிறது. 2018-ல் 'வடசென்னை' வெளியானபோது படகில் வரும் ஒரு காட்சிக்கு மீனவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். வெற்றிமாறன் வருத்தம் தெரிவித்து அந்தக் காட்சியை நீக்கினார். எந்த நடிகர் சட்டையையும் யாரும் பிடிக்கவில்லை. ஊராகச் சேர்ந்து, கேட்க வேண்டியவரைக் கேட்டார்கள்.

பி.வி.காலனி_அக்கா:
நான் யார் சட்டையையும் பிடிக்கச் சொல்லவில்லை, தம்பியும் பிடிக்கவில்லை. நீங்கள் சொன்ன உதாரணத்தையே பாருங்கள். படகு மீனவருக்குத் தெய்வம் மாதிரி, அதனால் அந்தக் காட்சி சுட்டது, மீனவர்கள் சேர்ந்து எழுந்தார்கள். நேர்காணலில் நான் பட்ட அவமானத்துக்கு எந்தச் சங்கம் வரும்? கணக்குப் பிரிவு வடசென்னைப் பெண்கள் சங்கமா? எங்களுக்குக் கிடைப்பது இப்படி எதிரில் யாராவது வந்து நிற்கும் ஒரு நிமிஷம்தான்.

கிளாப்_போர்டு:
அக்கா, ஷூட்டிங் வந்தால் ஏரியா பசங்களுக்குப் பேட்டா கிடைக்கிறது, டீக்கடைக்கு வியாபாரம், வீடு வாடகைக்குப் போகிறது என்று சொல்ல நினைத்தேன். உங்கள் பதிவைப் பார்த்ததும் விட்டுவிட்டேன். கூட்டக் காட்சிக்கு வரும் உள்ளூர்ப் பசங்களுக்கும் நாங்கள் கொடுப்பது உருட்டுக்கட்டைதான். அதுவும் உண்மை.

ஆனால் நடிகர் விஷயத்தில் நான் மாறவில்லை. அடுத்த தடவை அவருக்குப் போன் வரும்போது இந்தக் கேள்வி ஞாபகம் வரும். வந்தாலும் நாலு நாள் கால்ஷீட்டை விட மாட்டார். வீட்டு வாடகை இருக்கிறது, பிள்ளைக்குப் பீஸ் இருக்கிறது. அவர் மனதில் ஒரு முள்ளைக் குத்தியதுதான் மிச்சம்.

கல்மண்டபத்தான்:
குத்தட்டுமே. அவரைப் பிடிக்காவிட்டால் கேட்டிருக்கவே மாட்டேன். பிடிக்காத நடிகன் எதில் நடித்தால் எனக்கென்ன? கண்ணாலேயே அத்தனை நடிப்பு நடிக்கிறவர், ஒரு வெல்டராகவோ ஒரு பாக்சிங் கோச்சாகவோ வந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குப் பார்க்க ஆசை. அந்த ஆசையைத்தான் கேள்வியாகக் கேட்டேன்.

மிண்ட்_மணி:
இதை, இதே வார்த்தைகளில், அவரிடம் சொல்லியிருந்தால் மனிதர் தட்டைக் காலி பண்ணிவிட்டுப் போயிருப்பார். உங்கள் கேள்வியில் கத்திதான் முன்னால் வந்தது.

சரி, ஒன்று கேட்கிறேன். அவர் அடுத்த படத்திலும் கத்தியோடுதான் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் போவீர்களா, மாட்டீர்களா?

கல்மண்டபத்தான்:
போவேன்.

மிண்ட்_மணி:
அப்படியென்றால் உங்கள் டிக்கெட் காசும் அந்தக் கத்திக்குத்தானே போகிறது? தயாரிப்பாளர் எண்ணிப் பார்ப்பது அதைத்தான்.

கல்மண்டபத்தான்:
ஆமாம், போகிறது. தயாரிப்பாளருக்குத் தெரிவது என் டிக்கெட் மட்டும்தான், நான் எதற்காக வந்தேன் என்பது அவருக்குத் தெரியாது. அதனால்தான் வாயைத் திறந்து கேட்க வேண்டியிருக்கிறது அண்ணே.

பி.வி.காலனி_அக்கா:
நான் போக மாட்டேன். ஓடிடியில் வந்தாலும் பார்க்க மாட்டேன். தம்பி, இந்த விஷயத்தில் உங்களோடும் எனக்குச் சண்டை இருக்கிறது. ஆபீஸ் முடிந்து வந்து எழுதுகிறேன்.