வால்யூமைக் குறைத்தால் வலது பக்கம் மட்டும் மங்குகிறது: அழுக்கா, வால்யூம் கண்ட்ரோலின் குணமா?

இரவுப்பாட்டு
பழைய ஸ்டீரியோ ஆம்ப், இரண்டு சின்ன ஸ்பீக்கர், புதிதாக ஒரு டேக் (டிஜிட்டல் பாட்டை அனலாக்காக மாற்றும் பெட்டி). சத்தமாக வைத்தால் எந்தக் குறையும் இல்லை, பாடகர் குரல் நட்டநடுவில் நிற்கிறது. ராத்திரி குறைத்துக் கேட்கும்போதுதான் தொல்லை. குமிழை ஒன்பது மணி நிலைக்குக் கீழே இறக்கினால் குரல் இடது பக்கமாக நகர்கிறது, இன்னும் இறக்கினால் வலது கிட்டத்தட்ட ஊமை. கரகரப்பு எதுவும் இல்லை. பேலன்ஸ் நடுவில்தான் இருக்கிறது. முன்பு கேசட் டெக் மாட்டியிருந்தபோது இவ்வளவு தெரிந்ததாக நினைவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

சால்டர்மாமா
தம்பி, இதற்கு ஆராய்ச்சியே வேண்டாம். வால்யூம் கண்ட்ரோலுக்குள் இருக்கும் கார்பன் தடத்தில் அழுக்கு. பிளக்கைப் பிடுங்கி, கெப்பாசிட்டரில் நிற்கும் மின்சாரம் இறங்கக் கொஞ்ச நேரம் விட்டு, மூடியைத் திற. வால்யூம் கண்ட்ரோலின் பின்பக்கம், கால்களுக்கு மேலே சின்ன இடைவெளி தெரியும். அதில் கான்டாக்ட் கிளீனர் ஒரு அடி, அப்புறம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பலமுறை திருப்பு. துரு நீக்கும் ஸ்பிரேயை மட்டும் கையில் எடுத்துவிடாதே. பத்தில் ஒன்பது இதிலேயே சரியாகும்.

டெசிபல்
மாமா, இதை ஒத்துக்கொள்ள முடியாது. அழுக்கு என்றால் திருப்பும்போது கரகரக்கும், ஒரு இடத்தில் விட்டுவிட்டு வரும், குமிழை லேசாக அசைத்தாலே சத்தம் ஏறி இறங்கும். அவர் சொல்வது அப்படியா? எப்போது இறக்கினாலும் அதே இடத்தில், அதே பக்கம், வழுக்கிக்கொண்டு குறைகிறது. அது தடத்தின் வடிவத்திலேயே உள்ள வித்தியாசம்.

ஸ்டீரியோ கண்ட்ரோல் என்பது ஒரே தண்டில் இரண்டு கார்பன் தடம். நம் காதுக்கு ஏற்ற மடக்கை வளைவை மலிவான பாகங்களில் அப்படியே போடுவதில்லை, இரண்டு மூன்று நேர்த்துண்டுகளை ஒட்டி ஒப்பேற்றுகிறார்கள். அந்த ஒட்டுகள் இரண்டு தடத்திலும் ஒரே இடத்தில் விழுவதில்லை. மேல்பாதியில் இது காதில் ஏறாது. கீழே வந்தால் கதை வேறு: 50 கிலோ ஓம் கண்ட்ரோலில் மைனஸ் 40 டெசிபலுக்கு (அதாவது வோல்ட்டை நூறில் ஒரு பங்காகக் குறைக்க) வைப்பருக்கும் (தடத்தின் மேல் உரசி நகரும் தொடுமுனை) கிரவுண்டுக்கும் நடுவே மிச்சம் இருப்பது 500 ஓம்தான். அடுத்த தடத்தில் அதே இடத்தில் 350 ஓம் இருந்தால் 3 டெசிபல் போச்சு. 50 கிலோவில் 150 ஓம் பிசகுவது தயாரிப்பில் ஒன்றுமே இல்லை, ஆனால் குரல் நகர்ந்துவிடும். இதை ஸ்பிரே அடித்து எப்படிச் சரிசெய்வீர்கள்?

சால்டர்மாமா
நீ கணக்குப் போடு, நான் கழற்றிப் பார்த்ததைச் சொல்கிறேன். கரகரப்பே இல்லாமல் ஒரு பக்கம் மங்கிய செட்டுகளும் வந்திருக்கின்றன, சுத்தம் செய்ததும் நிமிர்ந்திருக்கின்றன. வைப்பர் மேல் மெல்லிய படலம் படிந்தால் சத்தமில்லாமலே தடை கூடும்.

டெசிபல்
கூடட்டும். வைப்பர் போய்ச் சேர்வது பெரும்பாலும் அதிக உள்ளீட்டுத் தடை உள்ள பகுதிக்கு. அங்கே சில நூறு ஓம் தொடரில் சேர்ந்தால் அளவு மாறாது. கிரவுண்ட் பக்கக் காலில் தொடர்பு கெட்டால் விளைவு நேர் எதிர், முழுக்க மூடினாலும் அந்தப் பக்கம் பாடிக்கொண்டே இருக்கும்.

இரவுப்பாட்டு, எதையும் திறக்கும் முன் ஆம்பை அணைத்துவிட்டு, டேக்கிலிருந்து அதன் பின்னால் வரும் இரண்டு ஆர்சிஏ கேபிளையும் (இடது, வலது சிக்னல் வயர்கள்) இடம் மாற்றிப் போடுங்கள். மங்கல் இடதுக்குத் தாவினால் டேக் அல்லது கேபிள். அங்கேயே நின்றால் கேபிளைப் பழையபடி வைத்து, ஸ்பீக்கர் வயர்களை மாற்றிப் போட்டுப் பாருங்கள். மீட்டர் இருந்தால் இரண்டு பக்கமும் ஒரே அளவில் 400 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் ஏசி வோல்ட் பாருங்கள். ஏசியில் 2 வோல்ட் ரேஞ்ச் உள்ள மீட்டர் வேண்டும், 200-இல் ஆரம்பிக்கும் மீட்டரில் இந்த அளவெல்லாம் தெரியாது.

கடைசிபெஞ்ச்
நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். என் ரிசீவரில் குறைக்கத் திருப்பினால் சில நேரம் கூடுகிறது. இதுவும் தடமா?

டெசிபல்
குமிழ் எங்கும் முட்டாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறதா? அப்படியானால் உள்ளே இருப்பது என்கோடர் (எந்தப் பக்கம், எவ்வளவு திருப்பினோம் என்பதை மட்டும் துடிப்புகளாகச் சொல்லும் சுவிட்ச்), கார்பன் தடமே கிடையாது. அதன் தொடுமுனை கறுத்தால் திசையைத் தப்பாகப் படிக்கும். இதற்கு மாமாவின் ஸ்பிரேதான் மருந்து.

சால்டர்மாமா
எழுதி வைத்துக்கொள்ளுங்கள், டெசிபல் வாயாலேயே வந்துவிட்டது.

பிட்டுக்குப்பிட்டு
ஏன் இவ்வளவு சுற்று? ஆம்பின் குமிழை மேலே ஏற்றி விட்டுவிடுங்கள், சத்தத்தை டேக்கில் டிஜிட்டலாகக் குறையுங்கள். இடமும் வலமும் இம்மி பிசகாது. 16 பிட் பாட்டு 24 பிட் வழியாகப் போனால் 8 பிட் இடம் இருக்கிறது, பிட்டுக்கு 6 டெசிபல், ஆக 48 டெசிபல் வரை மூலத்தில் ஒன்றும் தொலையாது.

சால்டர்மாமா
தொலைவது ட்வீட்டர் (ஸ்பீக்கரில் கீச்சுக் குரலுக்கான சின்ன பாகம்). ஒரு அப்டேட் வந்து வால்யூம் தானாக நூறுக்குப் போனால் திறந்து கிடக்கும் ஆம்ப் என்ன செய்யும்? ராத்திரியில் பக்கத்து வீட்டுக்காரரும் எழுந்து வருவார்.

டெசிபல்
இதில் நான் மாமா கட்சி. இன்னொன்றும் இருக்கிறது. டிஜிட்டலில் பாட்டு மட்டும் குறையும், டேக்கின் சொந்த இரைச்சல் அப்படியே வரும், ஆம்ப் முழுக்கத் திறந்திருந்தால் ஸ்பீக்கர் அருகே காதை வைத்தால் 'ஸ்ஸ்' கேட்கும். டேக்குக்குப் பிறகு தடையால் குறைத்தால் இரண்டும் சேர்ந்து இறங்கும்.

உண்மையான வியாதி குமிழுக்கு முன்னால்தான் இருக்கிறது. டேக் முழு அளவில் 2 வோல்ட் தள்ளும். பழைய ஆம்ப் பலவற்றுக்கு 200 மில்லிவோல்ட் வந்தாலே முழு பவர் எட்டிவிடும். பத்து மடங்கு, அதாவது 20 டெசிபல் அதிகம். அதனால்தான் குமிழ் எப்போதும் அடிமட்டத்தில், தடம் மோசமாக இருக்கும் மூலையில் கிடக்கிறது. கேசட் டெக் கொடுத்தது குறைவு, குமிழைக் கூடத் திறந்து வைத்திருப்பீர்கள், அதனால் தெரியவில்லை. அந்த அதிகத்தை டேக்குக்கும் ஆம்புக்கும் நடுவிலேயே குறையுங்கள்: பக்கத்துக்கு 9.1 கிலோ ஓம் தொடரில், அதன் பின் 1 கிலோ ஓம் கிரவுண்டுக்கு. ஒரு சதவீத ரெசிஸ்டர் போதும். குறைப்பு 20 டெசிபல்.

இரவுப்பாட்டு
செய்து பார்த்தேன். ஆர்சிஏ மாற்றியும் மங்கல் வலதிலேயே நின்றது, ஸ்பீக்கர் வயரை மாற்றியதும் இடதுக்குத் தாவியது. ஆக ஆம்ப்தான். மீட்டர் கணக்கு, இடது/வலது வோல்ட்டில்: பன்னிரண்டு மணியில் 2.10 / 2.00, ஒன்பதில் 0.52 / 0.45, எட்டில் 0.060 / 0.035. மாமா சொன்னபடி கிளீனரும் அடித்தேன். எட்டில் இப்போது 0.060 / 0.036. குமிழ் மட்டும் முன்பிருந்த கெட்டித்தன்மை போய் லொடலொடவென்று சுற்றுகிறது.

டெசிபல்
எட்டில் 4.7 டெசிபல், ஒன்பதில் 1.3, பன்னிரண்டில் அரை கூட இல்லை. பாடப்புத்தகத்தில் போடலாம். லொடலொடப்புக்குக் காரணம், தண்டில் இருந்த கிரீஸையும் கிளீனர் கழுவிவிட்டது. பேலன்ஸைத் திருப்பி எட்டில் சரிக்கட்டினால் பன்னிரண்டில் எதிர்ப்பக்கம் சாயும், அந்த வழி வேண்டாம்.

சால்டர்மாமா
சரி, இந்த செட்டில் அழுக்கு இல்லை. அதற்காக வெளியே ரெசிஸ்டர் கட்டுவது நோயை மூடி மறைப்பது. பிசகிய கண்ட்ரோலை எடுத்துவிட்டு ஸ்டெப் அட்டெனுவேட்டர் போடு. ஒவ்வொரு படிக்கும் தனி ரெசிஸ்டர், பிசகவே வழியில்லை.

டெசிபல்
24 படி என்றால் ராத்திரியில் ஒரு படி குறைச்சல், அடுத்தது அதிகம் என்று அவர் திண்டாடுவார். 20 டெசிபல் அதிகமும் அப்படியே இருக்கும், கீழ்ப் படிகள் நாலைந்துதான் உதவும்.

இரவுப்பாட்டு
9.1-உம் 1-உம் வைத்து ஒரு சின்னப் பெட்டியில் கட்டி டேக்குக்கும் ஆம்புக்கும் நடுவே போட்டேன். ராத்திரிக்குக் குமிழ் இப்போது பதினொன்றைத் தாண்டி நிற்கிறது, குரல் நடுவில். பகலில் சில பழைய பதிவுகளுக்குத்தான் முழுக்கத் திருப்பினாலும் சத்தம் போதவில்லை.

டெசிபல்
1 கிலோவை எடுத்துவிட்டு 2.2 போடுங்கள், குறைப்பு 14 டெசிபலுக்கு வரும். டர்ன்டேபிள் (இசைத்தட்டு ஓட்டும் கருவி) வாங்கினால் அதற்கு முன்னால் இந்தப் பெட்டி வேண்டாம், ஃபோனோ சிக்னல் ஏற்கெனவே மில்லிவோல்ட்தான்.

சால்டர்மாமா
எதற்கும் அந்தக் கண்ட்ரோல் மேல் அச்சடித்திருக்கும் எண்ணையும் தண்டின் நீளத்தையும் இங்கே போட்டு வை தம்பி. லொடலொடத்த குமிழ் நெடுநாள் தாங்காது.