நிட், பர்ல்: தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

கையால் ஒரு மஃப்ளர் பின்னுவது எப்படி என்று, ஊசியைத் தொட்டே பார்க்காதவருக்கும் புரியும்படி எழுத உட்கார்ந்தேன். இரண்டாவது பத்தியிலேயே மாட்டிக்கொண்டேன்.

நிட்டிங்குக்குப் ‘பின்னல்’ இருக்கிறது. பின்னலாடை என்ற சொல்லும் ஊறிப்போய்விட்டது, அதை அசைக்க வேண்டாம். சடையும் பின்னல், இதுவும் பின்னலா என்று கேட்டால், ஆமாம், இடம் பார்த்துப் புரிந்துகொள்வோம். சிக்கல் அதற்கு உள்ளே இருப்பவற்றில்தான்.

முதலில் ஸ்டிட்ச். ‘தையல்’ என்று எழுத மனம் வரவில்லை. இங்கே எதையும் எதோடும் தைக்கவில்லை. நெசவில் பாவு, ஊடு என்று இரண்டு நூல்கள் குறுக்கே போய்வரும். பின்னலில் ஒரே நூல். வளையத்துக்குள் இன்னொரு வளையத்தை இழுத்துவிடுகிறோம்; மேல் வரிசை வளையம்தான் கீழ் வரிசை வளையத்தை அவிழாமல் பிடித்துக்கொள்கிறது. சங்கிலியின் வளையத்துக்குக் கண்ணி என்கிறோம், பறவைக்கு வைக்கும் சுருக்குக்கும் கண்ணி என்கிறோம். அதனால் ஸ்டிட்ச் = கண்ணி. (கண்ணிவெடி நினைவுக்கு வருகிறது என்று யாரும் மடல் போட வேண்டாம், எனக்கும் வந்தது.)

அடுத்து நிட், பர்ல். கண்ணி போடும் இரண்டு அடிப்படை முறைகள் இவை. நிட் போடும்போது நூல் பின்னால் இருக்கும், ஊசி கண்ணிக்குள் முன்னாலிருந்து நுழையும். பர்லில் நூல் முன்னால், ஊசி பின்னாலிருந்து நுழையும். ஒன்றின் முதுகுதான் மற்றொன்று. நிட் கண்ணியைத் திருப்பிப் பார்த்தால் பர்ல். இவற்றுக்கு முன்கண்ணி, பின்கண்ணி என்று வைக்கலாமா?

அன்புடன்.

—

மறுமொழி:

கண்ணி அருமை. முன், பின் வேண்டாம். முன்னால் இருப்பது நூலா, ஊசியா? நீங்கள் விளக்கிய பத்தியிலேயே இரண்டும் எதிரெதிராக இருக்கின்றன. போதாக்குறைக்கு ‘பின்கண்ணி பின்னிய பின்’ என்று எழுதிப் பாருங்கள், நாக்கு சுளுக்கிக்கொள்ளும்.

ஜெர்மன்காரர்கள் வலக்கண்ணி, இடக்கண்ணி என்கிறார்கள். பிரெஞ்சில் துணியின் நல்ல பக்கம், மறுபக்கம் என்ற பொருளில் வரும் சொற்கள். நமக்கு ஏன் கடன்? பார்க்க எப்படி இருக்கிறதோ அப்படியே வைப்போம். நிட் கண்ணிகள் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றால் கதிர் போலத் தெரியும். பர்ல், வரிசையாகக் கோத்த மணி மாதிரி. கதிர்க்கண்ணி, மணிக்கண்ணி. சொல்லவும் இனிமை.

—

மறுமொழி:

தம்பிகளே, சொல் அழகாகத்தான் இருக்கிறது. முப்பது வருடமாகப் பின்னுகிறேன், அதனால் குறுக்கே வருகிறேன்.

முதல் மஃப்ளருக்குப் பெரும்பாலும் கார்ட்டர் பின்னல்தான் சொல்லித் தருவோம். எல்லா வரிசையும் நிட். அப்படிப் பின்னினால் துணி தட்டையாகக் கிடக்கும். ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று மாற்றிப் போடுகிற ஸ்டாக்கினெட்டில் மஃப்ளர் பின்னினால் பக்கவாட்டு ஓரம் இரண்டும் பின்பக்கமாகச் சுருண்டு குழாயாகிவிடும். இப்போது பாருங்கள், கார்ட்டரில் போடுவது முழுக்க உங்கள் கதிர்க்கண்ணி, ஆனால் இரண்டு பக்கமும் எடுப்பாகத் தெரிவது மணி வரிசைதான். புதிதாகக் கற்பவர் ‘கதிரைக் காணோமே, தப்பாகப் போட்டுவிட்டோம்’ என்று மொத்தத்தையும் பிரித்துவிடுவார். கண்ணுக்குத் தெரிவதை விடுங்கள், கை செய்வதற்குப் பெயர் வையுங்கள்.

இன்னொன்று. 10 சென்டிமீட்டருக்கு 18 கண்ணி விழுகிற நூல் என்று வைத்துக்கொள்வோம். 20 சென்டிமீட்டர் அகலத்துக்கு 36 கண்ணி. கார்ட்டரில் 10 சென்டிமீட்டர் உயரத்துக்குச் சுமார் 36 வரிசை வேண்டும். 160 சென்டிமீட்டர் நீள மஃப்ளர் என்றால் 576 வரிசை, அதாவது இருபதாயிரத்துக்கும் மேல் கண்ணி. வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டேதான் போடுவோம். ‘கதிர்க்கண்ணி கதிர்க்கண்ணி’ என்று அத்தனை தடவை சொல்ல முடியாது. ஓரெழுத்தாகச் சுருங்க வேண்டும், நிட், பர்ல் இரண்டின் பெயரும் வேறு வேறு எழுத்தில் தொடங்க வேண்டும். நேர்க்கண்ணி, மறுகண்ணி என்று வைத்தால் நே, ம.

தொடக்கத்தில் ஊசியில் முதல் கண்ணிகளைப் போடும் காஸ்ட் ஆனுக்குக் ‘கண்ணி ஏற்றுதல்’ என்பேன். முடிவில் கண்ணிகள் அவிழாதபடி முடிக்கும் பைண்ட் ஆஃபுக்குக் ‘கண்ணி இறக்குதல்’.

—

மறுமொழி:

அக்கா, நீங்கள் சொன்னதை வைத்து நேற்றிரவு இருபது வரிசை போட்டுப் பார்த்தேன்.

> நேர்க்கண்ணி, மறுகண்ணி என்று வைத்தால் நே, ம.

நே பிரமாதம். ‘ம’வில்தான் தடுக்கி விழுந்தேன். பின்னல் குறிப்பில் ‘இதையே மறுபடி செய்க’ என்பது வரிக்கு வரி வரும். மறு என்றால் திரும்பவா, மற்றொரு பக்கமா என்று என் குறிப்பே எனக்குக் குழம்பியது. எதிர்க்கண்ணி என்று மாற்றிக்கொண்டேன். நே, எ. நேருக்கு எதிர் என்று பொருளும் ஒட்டுகிறது. நேராகப் பின்னு, எதிராகப் பின்னு என்று வினையாகவும் வருகிறது.

> பைண்ட் ஆஃபுக்குக் ‘கண்ணி இறக்குதல்’.

ஏற்றுதலுக்கு இறக்குதல் ஜோடி பொருத்தம்தான். ஆனால் ஊசியிலிருந்து ஒரு கண்ணி தவறி விழுந்து ஏணிப்படி மாதிரி கீழே கீழே அவிழ்ந்துகொண்டே போகுமே, அதைத்தானே ‘கண்ணி இறங்கிவிட்டது’ என்போம்? பைண்ட் ஆஃபில் நடப்பது வேறு. இரண்டு கண்ணி பின்னி, முதலாவதை இரண்டாவதன் மேலே தூக்கிவிட்டு, திறந்து நிற்கும் கண்ணிகளை ஒவ்வொன்றாக மூடுகிறோம். ‘கண்ணி அடைத்தல்’ என்கிறேன். இறுக்கி அடைத்தால் ஓரம் சுருங்கும் என்று சொல்லவும் வசதி.

அதே போல, தானாக விழுவது ‘நழுவிய கண்ணி’. பின்னாமல் வேண்டுமென்றே அடுத்த ஊசிக்கு மாற்றுவது ‘கடத்துதல்’. இதற்கு ஆங்கிலத்தில் ஸ்லிப் என்று இருப்பதைப் பார்த்து இரண்டாவதற்கும் நழுவல் என்று போட்டுவிடக் கூடாது.

கேஜுக்கு ‘கண்ணி நெருக்கம்’. இறுக்கம் என்றுதான் முதலில் எழுதினேன், ஆனால் எண்ணிச் சொல்வது 10 சென்டிமீட்டருக்குள் எத்தனை என்பதை. இறுக்கம் கையில் இருப்பது. நெருக்கம் அதனால் துணியில் வருவது. என் முதல் மஃப்ளர் 20 சென்டிமீட்டரில் தொடங்கி 26இல் முடிந்தது. கண்ணி ஒன்றும் கூடவில்லை, எண்ணிப் பார்த்தேன். போகப் போகக் கை தளர்ந்ததுதான் காரணம்.

கார்ட்டர் பின்னலுக்கு ஒன்று தோன்றியது: வரப்புப் பின்னல். இரண்டு வரிசைக்கு ஒரு மேடு, வரப்பு போட்டது போலவே இருக்கிறது. எண்ணுவதற்கும் வரப்பைத்தான் எண்ணுகிறோம். இங்கே மட்டும் கண்ணுக்குத் தெரிவதை வைத்துப் பெயர் சூட்டினால் தப்பில்லை, ஏனென்றால் இது துணியின் பெயர், கைவேலையின் பெயர் அல்ல.

ஃப்ராகிங்கை விட்டுவிட்டேன். பின்னியதை உருவிப் பிரிப்பதை ஆங்கிலத்தில் ‘ரிப் இட், ரிப் இட்’ என்பது தவளை கத்துவது போல ஒலிக்கிறதாம், அதனால் அந்தப் பெயர். நம் தவளை அப்படிக் கத்தாது. ‘உருவுதல்’ போதும்.

இரண்டு நேர், இரண்டு எதிர் என்று மாறி மாறி வந்து நீளவாக்கில் மேடும் பள்ளமுமாகத் தெரியும் ‘இரண்டுக்கு இரண்டு ரிப்’ பின்னலில் மஃப்ளருக்கான குறிப்பு, புதிய சொற்களில் (நே2 என்றால் இரண்டு நேர்க்கண்ணி, எ2 என்றால் இரண்டு எதிர்க்கண்ணி):

42 கண்ணி ஏற்றுக.
1ஆம் வரிசை: நே2, எ2 என்று மாறி மாறி, கடைசியில் நே2.
2ஆம் வரிசை: எ2, நே2 என்று மாறி மாறி, கடைசியில் எ2.
வேண்டிய நீளம் வரை இந்த இரண்டு வரிசையும். பிறகு தளர்வாக அடைக்க.

‘ரிப்’ அப்படியே நிற்கிறது, பார்த்தீர்களா? ‘வரி’ என்றால் வரிசையோடு மோதுகிறது, ‘விலா’ என்றால் சிரிப்பு வருகிறது. யாராவது இந்த நான்கு வரியை மட்டும் வைத்துக்கொண்டு பத்து வரிசை போட்டுப் பார்த்து, எங்கே தடுக்குகிறது என்று எழுதுங்கள்.