டார்கெட் வந்ததும் முதலில் நின்றுபோனது உதவிதான்

கேபிஐ பற்றி, அதாவது ஒவ்வொருவர் வேலையையும் அளக்கும் எண்களைப் பற்றி, இங்கே எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சேல்ஸ் ஆட்களாக இருக்கிறீர்கள். நான் கஸ்டமர் சப்போர்ட். சிங்கப்பூரில் உபி வட்டாரத்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி, சரக்கு அனுப்பும் நிறுவனங்கள்தான் எங்கள் வாடிக்கையாளர்கள். நான் சேர்ந்த காலத்தில் மொத்தக் கம்பெனியும் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தது, யார் என்ன செய்கிறார் என்பது முதலாளி எழுந்து நின்று பார்த்தாலே தெரிந்துவிடும். இப்போது இரண்டு மாடி. முகம் தெரியாத ஆட்கள் கூடக்கூட அவருக்கும் வேறு வழியில்லை, எண்கள் வந்தன.

எண்ணே கூடாது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அதற்கு முன்பு போனஸ் யாருக்குப் போனது என்பதைப் பார்த்திருக்கிறேன். மேனேஜரோடு மதியச் சாப்பாட்டுக்குப் போகிறவர்களுக்கும் மீட்டிங்கில் சத்தமாகப் பேசுகிறவர்களுக்கும்தான். இரவு ஷிஃப்டில் தனியாக உட்கார்ந்து வேலையை முடித்துவிட்டுக் காலை முதல் எம்ஆர்டி ரயிலில் வீட்டுக்குப் போகும் பையன் ஒருவன் இருந்தான், மேலே இருப்பவர்களுக்கு அவன் பெயர்கூடத் தெரியாது. முதல் ரிப்போர்ட் வந்தபோது அவன்தான் முன்னால் நின்றான், அந்த வருஷம் அவனுக்கு ஒழுங்கான சம்பள உயர்வும் கிடைத்தது. எண் இல்லாவிட்டால் அது நடந்தே இருக்காது.

கெட்டுப்போனது எப்போது என்றால், அதே எண்ணைச் சுவரில் டிவி மாட்டிப் பெயர் பெயராகப் போட்டு, பச்சை சிவப்பு என்று நிறம் கொடுத்து, போனஸையும் அதோடு முடிச்சுப் போட்டபோதுதான். வாடிக்கையாளர் எழுதி அனுப்பும் ஒவ்வொரு சிக்கலும் ஒரு டிக்கெட், ஒரு நாளைக்கு எத்தனை டிக்கெட் மூடினாய், அவ்வளவுதான் கணக்கு.

எங்கள் டீமில் ஒரு அக்கா இருக்கிறார், முன்பு ஃபார்வர்டிங் கம்பெனியில் வருஷக்கணக்காக சுங்கப் பெர்மிட் போட்டவர். இங்கே இறக்குமதி ஏற்றுமதிப் பெர்மிட் எல்லாம் 1989ல் வந்த டிரேட்நெட் என்ற மின்னணு அமைப்பு வழியாகத்தான் போகும். ஒரு பெர்மிட் திரும்பி வந்தால் சரக்கின் வகையைக் குறிக்கும் எச்எஸ் கோடு தப்பா, எடை தப்பா, இல்லை எங்கள் சாஃப்ட்வேர் அனுப்பிய விவரமே தப்பா என்று கண்டுபிடிக்கப் புதிதாக வந்த பையனுக்கு அரை நாள் ஆகும், அக்காவுக்கு ஸ்கிரீனை ஒரு முறை பார்த்தால் போதும். அதனால் எல்லோரும் நாற்காலியைத் திருப்பி அவரிடம்தான் கேட்போம், அவரும் கையில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு வந்து சொல்லித் தருவார். பத்து நிமிஷம் போகும். கேட்டவன் பெயரில் ஒரு டிக்கெட் ஏறும், அக்கா பெயரில் எதுவும் ஏறாது. மாதக்கணக்கில் சிவப்பிலேயே இருந்தார், அப்ரைசலில் "வேகம் போதாது" என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அதற்கப்புறம் ஒரு நாள் நான் ஒரு பெர்மிட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஸ்கிரீனிலிருந்து கண்ணை எடுக்காமலே, "தம்பி, க்யூவுல போட்டுடுங்க, என் முறை வந்தா பாக்கிறேன்" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. வேகம் போதாது என்று எழுத்தில் வாங்கியவர் வேறு என்ன சொல்வார்?

கொஞ்ச நாளில் டீமே அப்படி ஆகிவிட்டது. காலையில் லாகின் பண்ணியதும் பாஸ்வேர்ட் மறந்த டிக்கெட்டுகளை அள்ளிக்கொள்வார்கள், பெர்மிட் சிக்கல் எல்லாம் சாயங்காலம் வரை அப்படியே கிடக்கும். "சரிபார்க்கிறோம்" என்று ஒரு வரி எழுதி டிக்கெட்டை மூடிவிடுவது, வாடிக்கையாளர் மறுநாள் திரும்ப எழுதினால் அது புது டிக்கெட், அதையும் மூடினால் இரண்டு கணக்கு. டிவியில் எல்லாம் பச்சையாக இருந்தது, வாடிக்கையாளர்கள் மட்டும் நேராக முதலாளிக்கே போன் போட ஆரம்பித்தார்கள்.

இது எங்கள் ஊழியர்களின் குணம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். பீட்டர் பிளாவ் என்ற சமூகவியலாளர் அமெரிக்காவில் ஓர் அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்தை ஆராய்ந்து 1955லேயே இதை எழுதிவிட்டார். எத்தனை பேருக்கு வேலை வாங்கிக் கொடுத்தாய் என்று ஆளாளுக்குக் கணக்கு வைத்ததும், அங்கிருந்தவர்கள் வந்த காலியிட விவரங்களைச் சக ஊழியர் கண்ணில் படாமல் ஒளித்து வைத்துக்கொண்டார்கள். போட்டி போடாமல் ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கிய பிரிவுதான் மொத்தத்தில் அதிகம் பேருக்கு வேலை வாங்கித் தந்தது. ஆட்களும் நாடும் வேறு, நடந்தது எங்கள் ஆபீஸில் நடந்ததேதான்.

எம்பிளாய்மென்ட் பாஸ், எஸ் பாஸ் என்ற வேலை அனுமதிகளில் வெளிநாட்டிலிருந்து வந்து இருப்பவர்களுக்கு இந்தச் சிவப்பு நிறம் இன்னும் ஆழமாக இறங்குகிறது. எங்களுக்குப் போனஸ் குறையும், அவர்களுக்குப் பாஸ் புதுப்பிப்பார்களா என்ற பயம். வேலை போய் பாஸ் ரத்தானால் பொதுவாக முப்பது நாள்தான் இங்கே தங்க முடியும், பிள்ளை பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாலும் சரி, வீட்டு வாடகை ஒப்பந்தம் பாக்கி இருந்தாலும் சரி. திருச்சியிலிருந்து வந்த ஒரு தம்பி மருத்துவ விடுப்புச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே காய்ச்சலோடு டிக்கெட் மூடிக்கொண்டிருந்தான். வீட்டுக்குப் போ என்றால், "இன்னிக்கு சிவப்புல இருக்கேண்ணே" என்கிறான்.

அப்புறம் பெல் கர்வ் வேறு, அதாவது ஆட்களைக் கட்டாயமாக மேல், நடு, கீழ் கிரேடுகளாகப் பிரிக்கும் முறை. ஆறு பேர் இருக்கும் டீமில் கட்டாயம் ஒருவர் கீழ் கிரேடில் போக வேண்டுமாம். வளரும் கம்பெனியில் அது யார் தலையில் விழும்? கடைசியாகச் சேர்ந்தவர் தலையில்தான், அவருக்காகப் பேச யாரும் இருக்க மாட்டார்கள். மைக்ரோசாஃப்ட்டே இந்த முறையை 2013ல் கைவிட்டது. இங்கே சின்னக் கம்பெனிகள் ஏன் இன்னும் அதைப் புதிதாகக் கொண்டுவருகின்றன என்று எனக்கு உண்மையிலேயே புரியவில்லை.

இப்போது கொஞ்சம் மாறியிருக்கிறது. புது மேனேஜர் வந்ததும் டிவியைக் கழற்றினார். மூடிய டிக்கெட் ஒரு வாரத்துக்குள் திரும்பி வந்தால் கணக்கிலிருந்து கழிகிறது, அந்த ஒரு மாற்றத்திலேயே "சரிபார்க்கிறோம்" பதில்கள் பெரும்பாலும் நின்றுவிட்டன. அக்காவுக்கு மதியம் இரண்டு மணி நேரம் டிக்கெட்டே கிடையாது, யார் வேண்டுமானாலும் பெர்மிட்டோடு போய் உட்காரலாம், அது அவர் வேலைப் பட்டியலில் எழுத்தில் இருக்கிறது. எழுத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்கியவர் அக்காதான். யார் யாருக்கு உதவினார்கள் என்று வாரம் ஒரு முறை ஓட்டுப் போடும் திட்டம் ஒன்றும் வந்தது, அது ஒரே மாதத்தில் நண்பர்களுக்கு நண்பர்கள் போடும் ஓட்டாகி நின்றுபோனது, நின்றது நல்லதுதான்.

ஆனால் போனஸ் இன்னும் ஆளாளுக்கான எண்ணில்தான் தொங்குகிறது. மேனேஜர் டீம் கணக்கோடு சேர்க்கலாம் என்கிறார், மேலிடத்தில் யோசிக்கிறார்கள். உங்கள் இடத்தில் அப்படி மாற்றியிருந்தால், முக்கியமாக ஐம்பது நூறு பேர் இருக்கும் கம்பெனியில், சும்மா உட்கார்ந்து டீம் கணக்கில் பங்கு வாங்குகிறவர்களை எப்படிச் சமாளித்தீர்கள் என்று எழுதுங்கள். மேலிடம் கேட்கும் முதல் கேள்வி அதுதான், அடுத்த வருஷ டார்கெட் பேச உட்காரும்முன் என் கையில் ஒரு பதில் இருக்க வேண்டும்.