தென்னந்தூரில் செம்பழுப்புக் காளான்: மரத்தை வெட்டணுமா?

பட்டுக்கோட்டைத் தோப்பு:
வரப்போரம் நிற்கும் 22 வயதுத் தென்னையின் தூரில், தரையை ஒட்டி, உள்ளங்கை அகலத்துக்குக் காளான் வந்திருக்கிறது. கட்டை மாதிரி கெட்டி. மேலே அரக்கு பூசியதுபோலச் செம்பழுப்பு, ஓரம் வெள்ளை. அதற்கு மேல் இரண்டு அடி வரை சாறு வடிந்து காய்ந்திருக்கிறது. படம் போட்டிருக்கிறேன். மரம் தேறுமா?

வேரடி மண்:
கானோடெர்மா பூஞ்சை அண்ணே, அது தரும் தஞ்சாவூர் வாடல் நோய். 1952 புயலுக்கு அப்புறம் உங்கள் பக்கம் பெருகியதால்தான் அந்தப் பெயர். கஜா புயலில் விழுந்த மரங்களின் தூரைத் தோண்டாமல் விட்டீர்களா? இந்தப் பூஞ்சை அதிலேயே வருடக்கணக்கில் கிடக்கும். மரத்தை வேரோடு எடுத்துவிடுங்கள்.

காளான் தேடி:
ஒரு படத்தை வைத்து மரத்தை வெட்டச் சொல்லாதீர்கள். சாறு வடிதல் நோயிலும் தண்டு வெடிப்பிலிருந்து இதே நிறத்தில் ஒழுகும். அது வேறு பூஞ்சை, கவனித்தால் மரம் பிழைக்கும். பட்ட கட்டையில் வரும் ஆரஞ்சுக் காளானைப் பார்த்துப் பயந்து, எங்கள் ஊரில் ஒருவர் காய்த்துக்கொண்டிருந்த மரத்தையே சாய்த்துவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது.

வேரடி மண்:
அந்த ஆரஞ்சுக் காளான் தோல் மாதிரி மெல்லிசு, அடிப்பக்கமும் ஆரஞ்சு. இது வெள்ளை. சாறு வடிதலில் தூரில் காளானே முளைக்காது.

காளான் தேடி:
படத்தில் அடிப்பக்கம் எங்கே தெரிகிறது? தோப்புக்காரரே, அடிப்பக்கத்தை நகத்தால் கீறிப் பாருங்கள். வெள்ளை பழுப்பாக மாறினால் அவர் சொல்வது சரி. சுற்றியுள்ள புல்லில் கோகோ பொடி நிறத்தில் தூள் படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

நாட்டு மருந்து:
சீனாக்காரர்களின் லிங்சி காளான் இதுதானே? காயவைத்துக் கஷாயம் போடலாமே.

வேரடி மண்:
வேண்டவே வேண்டாம். கானோடெர்மாவில் பல இனங்கள், கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. தோப்புக்கு அடித்த மருந்தும் அதில் ஏறியிருக்கலாம்.

பட்டுக்கோட்டைத் தோப்பு:
கீறினேன். பென்சிலால் கோடு போட்டதுபோலப் பழுப்பாகிவிட்டது. புல்லிலும் தூள் இருக்கிறது. பத்தடி தள்ளி கஜாவில் விழுந்த மரத்தின் தூர் இருக்கிறது, தோண்டவில்லை. ஆனால் குருத்து இன்னும் பச்சைதான்.

காளான் தேடி:
சரி, காளானை வேரடி மண் சொன்னபடி ஒப்புக்கொள்கிறேன். வெட்டுவதை ஒப்புக்கொள்ள மாட்டேன். மரத்தைச் சுற்றி 2 அடி ஆழம், 1 அடி அகலத்தில் அகழி எடுங்கள். வேப்பம் புண்ணாக்கு 5 கிலோ போட்டு, 1 சதவீத போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சை மருந்து) 40 லிட்டர் வேர்ப்பகுதியில் ஊற்றுங்கள்.

வேரடி மண்:
அகழி அவசியம், ஆனால் அது பக்கத்து மரங்களைக் காப்பாற்றத்தான். காளான் வெளியே தெரியும்போது உள்ளே பெரும்பாலும் அழுகி முடிந்திருக்கும். எப்படியும் இந்தப் பாத்தித் தண்ணீரை அடுத்த மரத்துக்கு விடாதீர்கள் அண்ணே.

பட்டுக்கோட்டைத் தோப்பு:
நாளைக் காலையில் அகழி. பழைய தூரையும் தோண்டி எரிக்கிறேன். மரத்தை அடுத்த மழை வரை பார்க்கிறேன், அப்பா வைத்தது.