பழைய கட்டுரைகளை நீக்குவதா, வைத்துப் பராமரிப்பதா?

வலைத்தோட்டம்:
எங்கள் தன்னார்வக் குழுவின் தளத்தில் பன்னிரண்டு ஆண்டுக் கட்டுரைகள் சேர்ந்திருக்கின்றன. பாதிக்கு மேல் காலாவதியான தகவல். ஐந்து ஆண்டுக்கு முந்தைய எல்லாவற்றையும் நீக்கிவிடலாம் என்கிறேன். தவறான தகவலை நம்பி ஒருவர் ஏமாந்தால் நாம்தானே பொறுப்பு?

ஏட்டுச்சுவடி:
வேண்டவே வேண்டாம். அந்தக் கட்டுரைகளுக்கு எங்கிருந்தெல்லாம் சுட்டி கொடுத்திருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. நீக்கிய மறுநிமிடம் அத்தனையும் 404, அதாவது "பக்கம் கிடைக்கவில்லை" என்ற பிழை. முகவரிகளை மாற்றாதீர்கள் என்று வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998-லேயே எழுதிவைத்தார். 2013-இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 சதவீதம் பத்தே ஆண்டில் கிடைக்காமல் போய்விட்டதாக அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-இல் சொன்னது. அந்தக் கணக்கில் நாமும் சேர வேண்டுமா?

வலைத்தோட்டம்:
முகவரி இருக்கிறது, உள்ளே இருப்பது தப்பு என்றால் யாருக்குப் பயன்? வலைப்பக்கங்களில் அசைபடமும் விளையாட்டும் ஓட்டிய ஃபிளாஷ் மென்பொருளை நிறுவுவது எப்படி என்று ஒரு பக்கம் இருக்கிறது. அடோபி 2020 டிசம்பர் 31-உடன் ஃபிளாஷைக் கைவிட்டுவிட்டது. இன்று அதைப் படிப்பவர் எங்கோ தேடி ஒரு போலி மென்பொருளைத்தான் இறக்கிக்கொள்வார்.

ஏட்டுச்சுவடி:
சரி, அந்த ஆபத்து உண்மைதான். ஆனால் பக்கத்தின் உச்சியிலேயே "2015-இல் எழுதியது, இப்போது பொருந்தாது" என்று ஒரு வரி போட்டு, பதிவிறக்கச் சுட்டியை எடுத்துவிட்டால் போதும். அதே பொருளில் புதிய கட்டுரை இருந்தால் 301 (நிரந்தரமாக இடம் மாறியது என்னும் குறியீடு) கொடுத்து அங்கே திருப்பிவிடுங்கள்.

இரவுப்பணி:
இருவருமே எழுத்தைப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள். அடியில் ஓடும் மென்பொருளை யார் பார்ப்பது? தளங்களை நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளின் 4.7, 4.7.1 பதிப்புகளில் ஓர் ஓட்டை இருந்தது. கடவுச்சொல் இல்லாமலேயே வெளியாள் கட்டுரையைத் திருத்திவிடலாம். 2017 ஜனவரி இறுதியில் 4.7.2 வந்து அதை அடைத்தது. சில நாளில் விவரம் வெளியானதும், அப்டேட் போடாத ஏராளமான தளங்களில் யார் யாரோ புகுந்து மாற்றி எழுதினார்கள். எழுத்து பத்திரமாக இருக்க வேண்டும் என்றால் முதலில் அங்கே கை வையுங்கள். இனி திருத்தப்போவதில்லை என்ற கட்டுரைகளை வெறும் எச்டிஎம்எல் பக்கங்களாக (உலாவி நேரடியாகக் காட்டும் கோப்புகளாக) மாற்றி, அதே முகவரியில் வையுங்கள். வேர்ட்பிரஸ் ஓடத் தேவைப்படும் பிஎச்பி நிரல்மொழி, பிளகின் என்னும் கூடுதல் நிரல்கள், டேட்டாபேஸ் எதையும் அவற்றுக்காகக் கட்டி மேய்க்க வேண்டாம்.

வலைத்தோட்டம்:
இது எனக்குத் தோன்றவில்லை. ஆனால் நாங்கள் இரண்டே பேர். முந்நூறு பக்கத்துக்கும் குறிப்பு எழுத எங்கே நேரம்?

ஏட்டுச்சுவடி:
எந்தப் பக்கத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று சர்வர் குறித்துவைக்கும் பதிவைப் பாருங்கள். அதிகம் பேர் வரும் இருபது பக்கங்களில் தொடங்குங்கள். மற்றவற்றுக்கு இப்போதைக்கு எழுதிய தேதி தெளிவாகத் தெரிந்தாலே போதும்.

வலைத்தோட்டம்:
அப்படியே செய்கிறேன். ஆனால் மருந்து அளவு சொல்லும் நான்கு கட்டுரைகளை நீக்கத்தான் போகிறேன். அவசரத்தில் இருப்பவர் மேலே உள்ள குறிப்பைப் படிக்கமாட்டார்.

ஏட்டுச்சுவடி:
அந்த நான்கில் நானும் உங்கள் பக்கம். 404-க்குப் பதில் 410 (வேண்டுமென்றே நீக்கப்பட்டது என்னும் குறியீடு) கொடுங்கள். ஏன் எடுத்தோம் என்று இரண்டு வரி அதே முகவரியில் இருக்கட்டும்.